இருபத்தொரு டம்ளர் அரிசி

ஜூலை 9, புதன். நேற்றைய பதிவில் ஒரு தவறு. அரிசி இருபத்தெட்டு டம்ளர் என்று எழுதிவிட்டேன். அளக்காமல், பழக்கத்தில் எழுதியது. இன்று மூன்று முறை அளந்தேன். இருபத்தொன்றுதான்.

அந்த ஊர்த் தராசுகள் கேட்ட எடையைத் தருவதில்லை. வாங்க வந்தவரின் வீட்டில் எத்தனை வாய் சாப்பிடுகிறதோ, அத்தனை வாய்க்கு ஒரு வாரத்துக்கு வேண்டியதைத் தரும். ஒரு கிலோ எடைக்கல்லை வைத்தாலும் சரி, ஐந்து கிலோ எடைக்கல்லை வைத்தாலும் சரி, மறுதட்டில் அந்த வீட்டுக்குப் போதுமானது சேர்ந்த பிறகுதான் முள் நடுவில் வந்து நிற்கும். அதற்கு மேல் ஒரு பிடி போட்டால் அந்தப் பிடி சரிந்து மூட்டைக்கே திரும்பிவிடும். எடை அளவு சரிபார்க்கும் அதிகாரிகள் மூன்று பேர் ஒருமுறை பெட்டி நிறைய முத்திரை போட்ட கற்களோடு வந்து ஒரு வாரம் சோதித்தார்கள். கடைசி நாளில் ஆளுக்கொரு பையில் அவரவர் குடும்பத்துக்குச் சரியாக வேண்டிய பருப்பை வாங்கிக்கொண்டு போனவர்கள் பிறகு வரவில்லை. ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை. மேலத்தெருக்காரர் ஒருவருக்கு இன்னொரு குடும்பம் இருந்தது கூட, அவருடைய மனைவி மூன்று பேருக்குச் சர்க்கரை வாங்கிய அதே கடையில் அவர் மறுநாள் ஐந்து பேருக்கு வாங்கியபோதுதான் தெரிந்தது. கல்யாணமாகி நான்கு மாதமான பெண்ணுக்குத் தராசு ஒரு கைப்பிடி கூடுதலாகத் தந்தால் கடைக்காரர் சிரிப்பார். அவள் வெட்கப்பட்டுக்கொண்டே வீட்டுக்கு ஓடுவாள்.

நோட்டில் அந்த வரிகளை எழுதிய பெண்ணின் குடும்பம் ஏப்ரலில்தான் அந்த ஊருக்கு வந்தது. குடிநீர்க் குழாயில் காதை வைத்துக் கேட்டு எங்கே கசிகிறது என்று சொல்லும் வேலை அவளுடைய அண்ணனுக்கு. அவனை மாற்றல் செய்தார்கள், வீடே மாறியது. அப்பா பேருந்துப் பணிமனையில் முப்பது வருடம் நேரம் குறித்தவர், ஓய்வு பெற்றவர், இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். அப்பாவின் அக்காவான அத்தை, அம்மா போன மறுமாதம் ஒரு பெட்டியோடும் இரண்டு கரண்டியோடும் வந்து சமையலறையை எடுத்துக்கொண்டாள். நான்காவது ஆள் இந்தப் பெண். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், பூட்டினோமா என்று திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஜாதி. எதையும் எழுதி வைத்தால்தான் அவளுக்கு நடந்த மாதிரி. அதனால் அண்ணன் அவளுக்குப் பட்டியல் என்று பேர் வைத்தான், அதுவே நிலைத்தது. பகலில் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, எழுத்து அட்டையை மாட்டி, “கடைசி வரி தெரியுதா?” என்று கேட்பாள். ஜூனிலிருந்து மாலையில் சரக்கறை நிர்வாகம் படித்தாள். அங்கே சொல்லித் தந்த முதல் பாடம், பதிவேட்டில் தவறை அடிக்கக் கூடாது, மறுநாள் முதல் வரியில் அதை ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மேலே எழுத வேண்டும் என்பது. அந்தப் பாடம் அவளுக்கென்றே செய்தது போல இருந்தது.

அத்தையின் சமையல் கணக்கு எளிமையானது: தலைக்கு ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் அரிசி. நான்கு பேர், ஏழு நாள், இருபத்தெட்டு. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை தெருமுனைக் கடைத் தராசு அதைத்தான் தந்தது. ஜூலையில் இருபத்தொன்று. பருப்பு, எண்ணெய், வெங்காயம் எல்லாமே நாலில் ஒரு பங்கு குறைந்திருந்தது. தன்னுடைய அளவில்தான் பிழை என்று பட்டியல் முதலில் நம்பினாள். டம்ளரை மாற்றி அளந்தாள். பிறகு அண்ணனை அளக்கச் சொன்னாள். அவன் பத்தாவது டம்ளரில் எண்ணிக்கையை மறந்துவிட்டு, “எவ்வளவு இருந்தா என்ன, இதெல்லாம் அத்தை வயித்துக்குள்ள போயிடும்” என்றான்.

மறுநாள் தெருமுனைக் கடை அக்காவிடம் போய்ச் சொன்னாள்.

“அக்கா, நாங்க நாலு பேரு. தராசு மூணு பேருக்குத்தான் தருது.”

“என்கிட்ட ஏன் பாப்பா சொல்ற? தராசுகிட்ட சொல்லு.”

பட்டியல் குனிந்து தராசிடம் சொன்னாள். அப்பா, அத்தை, அண்ணன், நான் என்று விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். வரிசையில் நின்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. மருத்துவரிடம் பேசுகிறவளுக்கு வழிவிடுவது போல ஓரடி தள்ளி நின்றார்கள். முள் மூன்று பேருக்கே நின்றது.

“குறைச்சிருக்குன்னா குறைஞ்சிருக்கு. வீட்ல பாரு” என்றாள் அக்கா, அடுத்தவருடைய பையை வாங்கிக்கொண்டே.

அவளுக்குப் பின்னால் நின்ற இஸ்திரிக்கார அம்மாள் அனுதாபத்தோடு தோளைத் தொட்டாள். “எங்க மாமனார் போறதுக்கு பத்து நாள் முன்னாடியே எங்களுக்கும் இப்படித்தான் குறைஞ்சுது கண்ணு. மனசைத் தேத்திக்க.”

பட்டியல் பையோடு தெருவில் வந்து நின்றபோது வெயில் சாதாரணமாக அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர்தான். அவள் நோட்டைத் திறந்து எழுதினாள்: “அப்பாவாக இருக்கலாம்.” பிறகு, தான் எழுதிய எதையும் அடிக்கக் கூடாது என்பதால், அந்த வரியைக் கையால் மூடிக்கொண்டு வீடு வரை நடந்தாள்.

அன்றிலிருந்து அவள் அப்பாவைக் கவனித்தாள். காலையில் அவர் பெல்ட் போடும்போது எந்த ஓட்டையில் மாட்டுகிறார் என்று குறித்தாள். ஜூலையில் இரண்டாவது ஓட்டை, ஆகஸ்ட் முதல் வாரத்தில் மூன்றாவது, மாதக் கடைசியில் ஆணியால் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. அவர் நடந்தால் சட்டை அரை விநாடி கழித்து வந்தது. ராத்திரிச் சாப்பாட்டை அவளால் பார்க்க முடியவில்லை. அப்பா பணிமனைப் பழக்கம் விடாமல் எட்டு அடிக்கும்போது முதல் கவளத்தை எடுப்பவர்; அவளுடைய வகுப்பு ஆறரையிலிருந்து எட்டரை. அதனால் அத்தையிடம் கேட்டாள்.

“அத்தை, அப்பா நேத்து எவ்வளவு சாப்பிட்டார்?”

“சாப்பிட்டதைச் சாப்பிட்டார்.”

“அளவு சொல்லுங்க அத்தை.”

“அளவு வேணும்னா நீ ஒரு நாள் பக்கத்துல உக்காந்து பாரு. ஊர்ல இருக்கிற கடையெல்லாம் தெரியுது, நம்ம வீட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா முழிப்பே.”

பட்டியல் அதை மனதில் வாங்கிக்கொண்டு எழுதினாள்: “அத்தை சொல்வது சரி. நேரில் கவனிக்க வேண்டும். வகுப்பு இல்லாத நாளில்.” ஞாயிறு வகுப்பு இல்லைதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளை அவள் வேறு ஒன்றுக்கு ஒதுக்கியிருந்தாள்.

அவளுடைய திட்டம் இது: ஒரு வீட்டில் நான்காவது பங்கு இருக்கிற வரை நான்காவது ஆளும் இருந்துதான் ஆக வேண்டும். எங்கேயாவது ஒரு கடையில், ஏமாந்த தராசு ஒன்று, அல்லது இளகிய மனம் கொண்ட தராசு ஒன்று, நான்கு பேருக்கு நிறுத்துத் தராமலா போகும்? அதைக் கண்டுபிடிக்க வேண்டும். தெருமுனைக் கடைக்கு எண் ஒன்று என்று போட்டு ஆரம்பித்தாள். வீட்டிலிருந்து எத்தனை அடி தூரம், பருப்பில் கல் உண்டா, கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுகிறாரா, சரக்கின் ருசி எப்படி என்று நான்கு கட்டம். கடைசிக் கட்டத்தைச் சும்மா நிரப்ப அவளுக்கு மனம் வராது. ஒவ்வொரு கடையிலும் நாலு பருப்பை மென்று பார்த்தாள், வெல்லத்தில் ஒரு துண்டு கடித்தாள், வேர்க்கடலையில் ஒரு பிடி, வெண்ணெயில் ஒரு விரல். காலை ஆறரைக்குக் கிளம்பி வேலைக்கு முன்னால் இரண்டு கடை. வேலை முடிந்து வகுப்புக்கு முன்னால் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போகிற தூரத்தில் எல்லாம்.

இப்படித்தான் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கே தெரியாத கடைகளை அவள் கண்டாள். எண் நான்கு, பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருந்த பருப்புக் கடை. அங்கே பதினொரு மூட்டைகள் காலையில் கிழக்கே சாய்ந்திருக்கும், வெயில் திரும்பத் திரும்ப அவையும் திரும்பும். கொண்டைக்கடலை மூட்டை மட்டும் சோம்பலில் மத்தியானம்தான் அசையும். எண் ஒன்பது எண்ணெய்க் கடை. முதலாளி ஆறு வருடமாக நாற்காலியில் தூங்குகிறார். வாங்குகிறவர்கள் தாங்களே ஊற்றி, நிறுத்து, காசைக் கல்லாவில் போட்டுவிட்டுப் போகிறார்கள். யாராவது ஒரு சொட்டு சிந்தினால் மட்டும் அவர் ஒரு கண்ணைத் திறந்து, “துடைச்சுட்டுப் போ” என்பார். எண் பதினேழு, மசாலாச் சாமான் விற்கும் சந்து. அங்கே வாசனை கெட்டியாகி இரண்டு பக்கத்துக் கூரைகளுக்கும் நடுவில் பலகை போலக் கிடந்தது. புறாக்கள் பறக்கச் சோம்பல்பட்டு அதன் மேல் நடந்தே எதிர்ப்பக்கம் போயின. எண் இருபத்து மூன்றில் தேன். தேனீக்கள் தங்கள் சரக்கைச் சரிபார்க்கத் தினமும் வரிசையில் வந்து நிற்கும். வாடிக்கையாளர்கள் அவற்றுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும், இடையில் புகுந்தால் கடைக்காரரே திட்டுவார். எண் முப்பத்தொன்று, பேருந்தின் கடைசி நிறுத்தத்தில் காய் விற்கும் கிழவி. அவள் பூசணிக்காயைக் கதவு தட்டுவது போலத் தட்டிக் காதை வைத்துக் கேட்பாள். “இன்னும் ரெண்டு நாள் கழிச்சு வரச் சொல்லுது” என்று சில காய்களைக் கீழே வைத்துவிடுவாள். எல்லாக் கடைகளும் நல்ல கடைகள். அவற்றில் ஒன்று கூட நான்கு பேருக்குத் தரவில்லை.

அவள் சாமர்த்தியங்களும் செய்து பார்த்தாள். ஒரு கடையில் மூன்று பேருக்கு அரிசி வாங்கிவிட்டு, இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடையில் இன்னும் ஏழு டம்ளர் கேட்டாள். அந்தத் தராசின் முள் அசையவே இல்லை. தட்டில் போட்ட அரிசி ஒவ்வொன்றாக விளிம்பேறி மூட்டைக்குள் குதித்தது. “ஏற்கெனவே வாங்கிட்டீங்க போலிருக்கே” என்று கடைக்காரர் மரியாதையாகச் சொன்னார். கண்ணாடிக் கதவும் குளிர்சாதனமும் உள்ள பெரிய கடையில், ஆலையில் ஒட்டி வந்த பொட்டலம் ஒன்றை வாங்கினாள். வீட்டில் பிரித்தபோது முக்கால் பங்கு அரிசியும் மேலே கால் பங்கு காற்றும் இருந்தது. முட்டைக்காரரிடம் தராசே கிடையாது, எண்ணித்தான் தருவார் என்று கேள்விப்பட்டு ஒன்றரை மணி நேரம் பயணம் செய்து நான்கு முட்டை வாங்கினாள். வரும் வழியெல்லாம் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றும்போது மூன்று இருந்தது. உடையவில்லை, விழவில்லை. நான்காவது எப்போதும் இல்லாதது போல் அந்த மூன்றும் பெட்டியில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தன.

ராத்திரி எட்டேமுக்காலுக்கு அவள் வீட்டுக்குள் நுழையும்போது மூவரும் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். அப்பா கூடத்தில் ரேடியோவைத் தாழ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“வந்துட்டியாம்மா. சாப்பிடுறியா?”

“சாப்பிட்டுட்டேன்ப்பா.”

அது பொய்யில்லை. காலையிலிருந்து பதினாறு வகைச் சரக்கு வயிற்றில் இருக்கும். மத்தியானம் கண்ணாடிக் கடையில் ஒரு பன், வகுப்பு இடைவேளையில் இன்னொரு பன். அவள் நேராகத் தன் மேசைக்குப் போய் அன்றைய கடைகளை எழுத உட்கார்ந்துவிடுவாள். அப்பா சிறிது நேரம் அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பார், பிறகு ரேடியோவை அணைப்பார். ஜூலையிலிருந்து அப்பா மெலிந்துகொண்டே வந்தார், அத்தை பெருத்துக்கொண்டே வந்தாள். பட்டியல் முன்னதை நாள்தவறாமல் குறித்தாள். பின்னதைக் குறிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் பதினைந்தாம் தேதி மாலை, சரக்கறை வாத்தியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பலகையில் “குரல் இருப்பு இல்லை” என்று எழுதிவிட்டு ஏழே முக்காலுக்கே வகுப்பைக் கலைத்துவிட்டார். பட்டியல் வீட்டு வாசலுக்கு வந்தபோது உள்ளே எட்டு அடிக்க இரண்டு நிமிடம் இருந்தது. இதுதான் நேரில் கவனிக்கும் நாள் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றினாள். நடைவழியின் இருட்டில் நின்றபடி நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். சாப்பாட்டு மேசை விளக்கு வெளிச்சத்தில் மூன்று பேரும் நன்றாகத் தெரிந்தார்கள்.

அவள் எழுதியது: “7.58. மூன்று தட்டு. அத்தை பரிமாறுகிறாள். பங்கு சமம்.” பிறகு: “8.00. அப்பா சாப்பிட ஆரம்பிக்கவில்லை. எழுந்து அலமாரிக்குப் போகிறார். நான்காவது தட்டு.”

அப்பா அந்தத் தட்டை மேசையின் காலியான பக்கத்தில் வைத்தார். தன் தட்டிலிருந்து சோற்றைப் பிரித்து, நன்றாகப் பாதியை, அதில் வைத்தார். காயில் முழுசாக இருந்த துண்டுகளைப் பொறுக்கி வைத்தார். அண்ணன் தன்னுடையதிலிருந்து ஒரு பங்கு வைத்தான். அத்தையும் வைத்தாள், முணுமுணுத்துக்கொண்டே.

“அவளுக்கா இதெல்லாம்? கடைத்தெருவையே மென்னு முழுங்கிட்டு வருவா.”

“இருந்தா இருக்கட்டும்க்கா. இன்னைக்காவது பசிக்குமான்னு பார்ப்போம்.”

“நீ தினம் இதைத்தான் சொல்ற. வந்து ‘சாப்பிட்டுட்டேன்ப்பா’ன்னு போய் உக்காந்துக்கிறா. காலைல மிச்சத்தை வீணாக்கக் கூடாதுன்னு நான் திங்கிறேன். துணியெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சு ஊசியே தேஞ்சு போச்சு எனக்கு. நேராச் சொல்லிடேன் அவகிட்ட.”

“எழுதிட்டு இருக்கிற பிள்ளையைக் கூப்பிடாதீங்கன்னு இவங்க அம்மா சொல்லுவா” என்றார் அப்பா. தட்டின் மேல் ஒரு மூடியை வைத்து, அது நகராமல் இருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு, தன் தட்டில் மீந்திருந்ததைச் சாப்பிட ஆரம்பித்தார். அப்போது மணி எட்டு மூன்று. முப்பது வருடம் ஒரு பேருந்தைக் கூட ஒரு நிமிடம் தாமதமாக விடாதவர் அவர்.

பட்டியலின் பென்சில் அந்த இடத்தில் நின்றது. மூன்று பேருக்கு வந்த அரிசியை அவர்கள் நான்காகப் பிரித்திருக்கிறார்கள், ஜூலையிலிருந்து, தினமும். அப்பாவின் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டது வேறு யாருமில்லை, அவள்தான். தராசு எண்ணியதில் பிழையே இல்லை. அது சாவைப் பார்க்கிற தராசு இல்லை, வாயைப் பார்க்கிற தராசு. இந்த வீட்டில் சாப்பிடுகிற வாய் மூன்றுதான். அவள் எல்லாரையும் எண்ணினாள், எண்ணுகிறவளை எண்ணவில்லை.

இன்னொன்றும் அவளுக்கு அங்கே நின்றபோது தெரிந்தது. அந்தப் படிப்புக்குக் காலை ஆறு மணி வகுப்பும் இருந்தது. மாலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அவள் நோட்டில் இரண்டு காரணம் எழுதியிருந்தாள்: வேலை நேரத்துக்கு ஒத்துவருகிறது, திரும்பிவர பேருந்து உண்டு. மூன்றாவதை எழுதவில்லை. அம்மா இருந்தவரை சாப்பாட்டு மேசையில் மற்றவர்களுக்குப் பேச இடமே கிடைக்காது. அடுத்த வீட்டுச் சண்டையில் ஆரம்பித்து மின்விசிறியின் சத்தம் வரை அம்மா எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பாள். அவள் போன பிறகு எட்டு மணி என்பது நான்கு பேர் மெல்லுகிற சத்தமும் தட்டில் விரல் படுகிற சத்தமும் மட்டும்தான். அந்தச் சத்தத்தைக் கேட்க முடியாமல்தான் அவள் எட்டு மணிக்கு எங்கேயாவது இருக்கும்படி ஒரு படிப்பைத் தேடிக்கொண்டாள். வீட்டை விட்டுப் போகாமலே போயிருந்தாள். தராசு அதைத்தான் சொன்னது, மரியாதையாக, இரண்டு மாதமாக.

அவள் வெளிச்சத்துக்குள் வந்தாள். மூவரும் திருடும்போது பிடிபட்டவர்கள் போல விழித்தார்கள். அண்ணன் மூடிய தட்டைக் கையால் மறைக்கக் கூடப் பார்த்தான்.

“வகுப்பு இல்லப்பா. வாத்தியாருக்குத் தொண்டை கட்டிருச்சு.”

“அப்படியா” என்றார் அப்பா. பிறகு, வழக்கம் விட்டுவிடக் கூடாது என்பது போல, “சாப்பிடுறியாம்மா?” என்றார்.

“சாப்பிடுறேன்ப்பா.”

அத்தை மூடியை எடுத்த வேகத்தில் அது தரையில் விழுந்து, சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. யாரும் குனிந்து எடுக்கவில்லை. பட்டியல் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். தட்டில் இருந்த சோற்றில் பாதியைக் கையால் வழித்து அப்பாவின் தட்டில் போட்டாள். அவர் திருப்பிப் போட வந்தார். “போடாதீங்க, நான் எழுதி வச்சிடுவேன்” என்றாள். முதல் கவளத்தை வாயில் வைத்தபோது அவளுக்குப் பசித்தது. அறுபத்தொரு கடைகளில் மென்று பார்த்தும், அப்படி ஒரு பசி அவளுக்கு அந்த ஊரில் அதுவரை எடுத்ததில்லை.

பிறகு அந்தச் சத்தம் வந்தது. நான்கு பேர் மெல்லுகிற சத்தம். பட்டியல் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ன பேசுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவுக்கு வந்தது அவளுக்கு வராது. அதனால் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். இடது கையால் நோட்டைத் திறந்து மேசையில் வைத்து, எண் ஒன்பதைப் படித்தாள். எண்ணெய்க் கடை, வீட்டிலிருந்து இரண்டாயிரத்து நூற்று நாற்பது அடி, முதலாளி ஆறு வருடமாகத் தூங்குகிறார்.

“ஆறு வருஷமாவா?” என்றான் அண்ணன்.

“கல்லாவை யாரு பார்த்துக்கிறா?” என்றாள் அத்தை.

“யாரும் பார்க்கிறதில்ல அத்தை. அதுபாட்டுக்கு இருக்கு.”

“குடுத்து வச்ச மனுஷன். எனக்கு அந்த மாதிரி ஒரு நாற்காலி கிடைச்சா நான் பத்து வருஷம் தூங்குவேன்.”

“நீ தூங்கினா கொறட்டையில எண்ணெய் எல்லாம் சிந்திடும்க்கா” என்றார் அப்பா. அத்தை கரண்டியை ஓங்கினாள். அப்பா சிரித்தார், சிரித்ததில் புரையேறி, அண்ணன் தலையில் தட்ட, பட்டியல் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். அன்று மாத்திரையை அரை மணி தாமதமாகப் போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரமே அவள் காலை ஆறு மணி வகுப்புக்கு மாறிக்கொண்டாள். தினம் எட்டு மணிக்கு ஒரு கடை. புறாக்கள் நடக்கிற சந்துக்கு அத்தை தானே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “ஒண்ணு என் தலை மேலயே நின்னுது, இறங்கவே மாட்டேங்குது” என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகளும் பூசணிக்காய்க் கிழவியைத் தேடி ஒன்றாகப் பேருந்தில் போனார்கள். அப்பா வழியெல்லாம் வண்டி எத்தனை நிமிடம் தாமதம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓட்டுநர் மேல் வருத்தப்பட்டுக்கொண்டே வந்தார். தெருமுனைக் கடைத் தராசு முதல் வாரம் இருபத்தொன்றே தந்தது. “ஒரு வேளை சாப்பிட்டதுக்கெல்லாம் அது நம்பிடாது பாப்பா. கொஞ்சம் பழகட்டும்” என்றாள் அக்கா. இரண்டாவது வாரம் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி, ஒரு கணம் யோசித்து, நான்கு பேருக்கு வந்து நின்றது. வரிசையில் இருந்த இஸ்திரிக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பட்டியல் வீடு வரும் வழியில் மூன்று முறை கை மாற்றிப் பையைத் தூக்கினாள். தன்னுடைய பங்கு அவ்வளவு கனமாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

ஊருக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் நல்ல பருப்பு எங்கே, கலப்படமில்லாத எண்ணெய் எங்கே என்று அவளைத் தேடி வந்து கேட்க ஆரம்பித்தார்கள். அவள் நோட்டைப் பார்த்துச் சொல்லுவாள், சொல்லிவிட்டு, “சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன், நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்” என்று துண்டுச் சீட்டில் எழுதியும் கொடுப்பாள். பிறகு சரக்கறை ஒன்றுக்கே பொறுப்பாளரானாள். வருடங்கள் போயின. அண்ணி வந்த வாரம் தராசு ஐந்து பேருக்குத் தந்தது. மூன்றாம் வருடம் ஒரு கைப்பிடி கூடுதலாகத் தந்தது, பிறகு அந்தக் கைப்பிடி வளர்ந்து வளர்ந்து ஆறாவது பங்கானது. அப்பா பெல்ட்டின் முதல் ஓட்டைக்கே திரும்பி, பேத்திக்கு மணி பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்.

பன்னிரண்டாம் வருடம் மழைக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, தெருமுனைக் கடையில் முள் ஐந்து பேருக்கு நின்றது. அக்காவும் பார்த்தாள், பட்டியலும் பார்த்தாள். அக்கா பையைக் கட்டிக் கொடுத்தாள். பட்டியல் வேறு கடை தேடிப் போகவில்லை, தராசிடம் விரல் விட்டு எண்ணிக் காட்டவும் இல்லை. குடையைப் பிடித்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து, ஈரக் காலைத் துடைத்துக்கொண்டு, ஐந்து நாளாக ஒரு வாய்க்கு மேல் இறங்காமல் படுத்திருந்த அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்தாள்.

“மணி என்னம்மா?” என்றார் அவர்.

“எட்டாகப் போகுதுப்பா.”

“இன்னைக்கு எந்தக் கடை?”

முந்தின நாள் புதிதாகப் பார்த்த பழக்கடை ஒன்றைப் பற்றி அவள் சொன்னாள். தூங்குகிற வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 24, வெள்ளி. நேற்றைய பதிவில் ஒரு தவறு. பழக்கடைக்கு ஆயிரத்து எண்ணூறு அடி என்று எழுதினேன். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூறு. இன்று தராசு ஐந்து பேருக்குத் தந்தது. அளந்து பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. நாளை: பேரிக்காய், நன்றாகக் கனிந்தது. என் பங்கிலிருந்து ஒரு துண்டு மசித்து அப்பாவுக்கு.